வாசலில் அப்பா, பீடத்தில் சாமி

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில், மஞ்சு ஆலங்குளம் வேளாண்மை அலுவலகத்திலிருந்து நேரே குற்றாலத்துக்கு ஸ்கூட்டரை விட்டாள். அங்கே ஒரு சிறிய மாதா கோயிலின் பங்குச் சாமியார், அவளைப் பெற்ற அப்பா சூசைநயினார். சாரலில் நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே அவர் அறைக்குள் நுழைந்தாள்.

சொந்த ஊரான ராயகிரியில் அவரைச் சாமியார் என்று கூப்பிட இன்னும் சிலருக்கு நாக்கு வளைவதில்லை. பெரிய பண்ணை வீட்டின் மூத்த மகன். மனைவி அடுப்புத் தீயில் போனபோது மஞ்சுவுக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷம் அவர் வயல் பக்கமே போகவில்லை. அவள் கல்லூரி விடுதிக்குப் போனதும் நிலத்தைத் தம்பி ஞானப்பிரகாசத்திடம் விட்டுவிட்டுச் சாமியாராகக் குருமடத்தில் சேர்ந்தார். அந்த நாட்களில் யாரோ அவருக்கு ஒரு பிரெஞ்சுப் பிரபுவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தியவர். அவர் மனைவியும் தீப்பட்டுத்தான் இறந்தாள். அவர் குருவாகி, பேராயராகி, கடைசியில் போப்புக்கு அடுத்த படியான கர்தினாலும் ஆனார். அவருடைய படம் அப்பாவின் மேசைமேல் இருந்தது.

“பூசை நான்தான் வைக்கேன்” என்றார் அப்பா, முகமெல்லாம் சந்தோஷமாக. “ஒன்னய பீடத்துக்குச் சித்தப்பா கூட்டிட்டு வருவான். பேசியாச்சு.”

மஞ்சு படத்தைப் பார்த்தாள். “இவருக்குப் பிள்ளை இருந்துச்சாப்பா?”

“இல்லம்மா.”

“அப்பம் இவருக்கு லேசு.”

மழைத்தூறல் ஜன்னல் வழியே மேசைக் காகிதங்களை நனைத்தது. அதை அப்பா கவனிக்கவில்லை.

“வாசல்லேருந்து நீங்கதான் கூட்டிட்டு வரணும், வேட்டி சட்டையில. என் கைய மாப்பிள்ளை கிட்ட குடுத்துட்டு, உள்ள போயி உடுப்பு மாத்திட்டு வாங்க.”

“அதுவரைக்கும் சனம் சும்மா உக்காந்திருக்குமா?”

“இருக்கட்டும். நான் பத்து வருஷம் இருந்தேன்லா.”

வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். வாயில் வந்தபோது அதில் கோபமே இல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பா சரியென்று மெல்லத் தலையசைத்தார்.

சித்தப்பாவைச் சரிக்கட்டுவதுதான் பாடாக இருந்தது. விடுமுறைக்கெல்லாம் அவளை வந்து அழைத்துப்போனவர். காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர். “ஏட்டி, பூசை வைக்கிற சாமி வேட்டியக் கட்டிட்டு நின்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன நெனைப்பாங்க?”

“எங்கப்பான்னு நெனைப்பாங்க. நீங்க இந்தப் பக்கம் வாங்க சித்தப்பா. எனக்கு ரெண்டு கை இருக்குல்லா.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

கல்யாணத்தன்று தென்காசி மாதா கோயிலில் மூவருமாக நடந்தார்கள். அப்பாவின் கையை மஞ்சு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பீடத்தருகே மாப்பிள்ளையிடம் அவளை ஒப்படைத்துவிட்டு, அவர் பக்கத்து அறைக்குள் போனார். பாடகர்களுக்கு என்ன பாடுவதென்று தெரியவில்லை. நானூறு பேரும் பேசாமல் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் தண்ணீர் கேட்டது.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

அப்பா பொன்சரிகைப் பூசை உடுப்பில் வந்து ஒலிபெருக்கியின் முன் நின்றார். உடுப்பைத் தலைவழியே மாட்டிய அவசரத்தில் உச்சி முடி குத்திட்டு நின்றது. மஞ்சு தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து, அத்தனை பேர் முன்னிலும் உள்ளங்கையால் முடியைப் படிய வைத்தார். கையை எடுத்ததும் அது மறுபடி எழும்பியது.