அக்கா சொல்லாத பிரச்னம்

வாசலில் ஆட்டோ நிற்கிறது. வீட்டுக்குள்ளே என் வீட்டுக்காரர் நாகேஸ்வரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டை வியர்வையில் தொப்பலாகிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்க மாட்டாராம்.

"அக்கா பிரச்னம் வெச்சுட்டுக் கூப்பிடட்டும். அதுவரைக்கும் நான் ஆத்தை விட்டு எறங்க மாட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்குப் பிரச்னம் என்றால் ஏதோ தகராறு என்று தோன்றும். எங்கள் கரமனைத் தெருவில், ஜோத்ஸ்யர் சோழி பரப்பி வரப்போவதைச் சொல்வதுதான் பிரச்னம். வீடு வாங்கப் பிரச்னம், நகை தொலைந்தால் பிரச்னம். நெஞ்சுவலிக்குமா? இவருடைய அப்பா நேரம் பார்க்காமல் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லையாம். அந்தப் பயம்தான். இவருடைய அக்கா, என் நாத்தனார் வாலாம்பாள், ஜோத்ஸ்யர் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். சோழிக்கு முன்னால் உட்கார்ந்தால் போனை அணைத்துவிட வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"ஏன்னா, கையெடுத்துக் கும்பிடறேன், ஏந்திருங்கோ."

"நீ சும்மா இருடி." உதடு வெளுத்திருந்தது.

"சேச்சி, வேகம் வரணும்!" என்று ஆட்டோக்காரர் வெளியிலிருந்து மலையாளத்தில் அவசரப்படுத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சோழிகளை நான் என்றைக்கு மதித்தேன்? அடுக்களைக்குள் போய், அடிக்காத போனைக் காதில் வைத்து, அவர் காதில் விழும்படி கத்தினேன்.

"அக்காவா? சொல்லுங்கோ! இப்பவே கொண்டுபோகச் சொன்னாரா? நல்ல நேரமாக்கும்? சரி, சரி!"

மனுஷர் எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அடைப்பு பெரியது, உடனே திறக்க வேண்டும், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கதவருகில் இவர் என் கையைப் பிடித்தார்.

"பத்மா, நான் திரும்பி வருவேனான்னு அக்கா கேட்டாளா? ஜோத்ஸ்யர் என்ன சொன்னார்?"

அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அடித்தது. வாலாம்பாள். நான் எடுக்கவில்லை.

"வருவேளாம். வர்ற ஓணத்துக்கு நம்மாத்துல உக்காந்து பாயசம் குடிப்பேளாம்."

சிரித்தார். கையை விட்டார். கதவு மூடியது.

போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"பத்மா, எங்கே இருக்கேள்? ஜோத்ஸ்யர் சொல்லிட்டார், கேளு..."

"ஐயோ அக்கா, சொல்லாதீங்கோ!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவர் வெளியில வர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லாதீங்கோ."

அழுதுகொண்டே போனை அணைத்துவிட்டேன். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.