ஓடைக்கு விடவேண்டிய இடம்

1

இந்தக் கதை பஸ் ஜன்னல் வழியாக வந்தது. சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போய்க்கொண்டிருந்தேன். கரிசல் வெளியில், ஒரு பேஸ்மட்டத்தின் மேல், வாசல் நிலை ஒன்று தனியாக நின்றது. சுவர் இல்லை, கூரை இல்லை. நிலைக்கு மட்டும் மஞ்சள் பூசிப் புதுப் பூ போட்டிருந்தார்கள். கீழே கோலம் வேறு. வீடே இல்லாத வாசலுக்கு யார் கோலம் போடுவார்கள் என்று யோசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

மிச்சத்தை நானாகக் கட்டினேன். கீழே வரும் பேரூராட்சி, மனைப்பிரிவு, ஆட்கள், எல்லாம் என் கற்பனை. எந்த அனுமதியும் வாங்கவில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

2

முதல் தொடக்கம்: "ஆவுடை நகர் மனைப்பிரிவுக்கு, விளைநிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்றியபோது விதிக்கப்பட்ட நிபந்தனைகளை மறுபரிசீலனை செய்யும் பொருட்டு —"

எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன். ஆனால் கதை அதற்குள்தான் கிடக்கிறது, ஆகையால் சும்மா சொல்கிறேன். ஆவுடை நகருக்கு நடுவே ஒரு ஓடை. அதன் இரண்டு கரையிலும் இடம் விட வேண்டும் என்பது நிபந்தனை. மனை போட்டவர் கரையையும் சேர்த்து விற்றுவிட்டார். அதைத் திரும்ப வாங்கி ஒப்படைக்கும்வரை நகரில் யாரும் வீடு கட்டக்கூடாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படியே கிடக்கிறது. இப்போது அவர், ஓடையை மூடிக் குழாய் பதிக்கிறேன், நிபந்தனையை எடுத்துவிடுங்கள் என்கிறார். மேலிடம் பேரூராட்சி மன்றத்தின் தீர்மானத்தைக் கேட்டிருக்கிறது.

குழாயில் கோடைத் தண்ணீர் அழகாகப் போகும். ஐப்பசித் தண்ணீர் பள்ளத்தில் இருக்கிற கீழத்தெருவுக்குப் போகும்.

3

இரண்டாம் தொடக்கம். இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

கீழத்தெருக் கவுன்சிலர் பிரம்மநாயகி மன்றத்துக்கு வந்தபோது அண்ணன் சங்கரசுப்பு வாசலிலேயே நின்றான். ஆவுடை நகரில் தனியாக நிற்கும் அந்த வாசல் நிலை அவன் வைத்ததுதான். தேர்தலில் அவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவனும் அவன்தான்.

"நீ எனக்காவப் பேச வேண்டாம், நாயகி. பேசாம இரு. அது போதும்."

"ஓடைய மூடிட்டா தண்ணி எங்கனண்ணே போவும்?"

"எங்கனயோ போவும். தண்ணிக்கு வழி தெரியும். எனக்குத்தான் தெரியல."

"கீழத்தெருவுக்குத்தான் போவும்."

"உம் மதினி வெள்ளிக்கெழமதோறும் அந்த நெலைக்கு மஞ்ச பூசிட்டு வாரா. போற வாற பஸ்ஸுல இருக்கவன்லாம் பாத்துச் சிரிக்கான். அது உனக்குத் தெரியுமா?"

பிரம்மநாயகிக்குத் தெரியும். அந்த நிலைக்கு முதல் மஞ்சள் பூசியதே அவள்தான்.

4

(இங்கே ஒரு சந்தேகம். முதலில் மதினி கோமதித்தாய்க்கு ஒரு நோய் கொடுத்திருந்தேன். தறி வேலையில் பஞ்சு நெஞ்சில் அடைத்து, சாவதற்குள் அந்த வாசல் வழியாக ஒருமுறை உள்ளே — வேண்டாம். அழ வைக்கும் தந்திரம் அது. கோமதித்தாய் திடமாகத்தான் இருக்கிறாள். வாடகை வீட்டுக்காரியின் வாய்க்குப் பயப்படாமல் சொந்தத் தரையில் படுக்க ஆசைப்படுகிறாள். அந்த ஆசைக்கு நோய் எதற்கு?)

தவறு சங்கரசுப்புவுடையதுதான். அனுமதி வரட்டும் என்று இருந்திருக்கலாம். தை தாண்டினால் உன் ராசிக்கு முகூர்த்தம் இல்லை என்று ஜோசியர் சொன்னார். பேஸ்மட்டத்தை எழுப்பி நிலையை நிறுத்திவிட்டான். கூடப்பிறந்தவள் என்று பிரம்மநாயகியைக் கூப்பிட்டு மஞ்சள் பூசச் சொன்னார்கள். அவள் சீராக ஒரு வெண்கல விளக்கு வைத்தாள். கேசரி சாப்பிட்ட கை காய்வதற்குள் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நிலை வைத்த மனையை விற்றால் குடும்பத்துக்கு ஆகாது, நிலையைப் பிடுங்கினால் அதைவிட ஆகாது. நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். அவர்கள் நம்புகிறார்கள். அதனால் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

5

எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை.

முன்பு ஒரு பெருமழையில், ஆவுடை நகர் ரோட்டுக்குக் கொட்டிய மண்ணில் ஓடை பாதி அடைபட்டு, தண்ணீர் கீழத்தெருவுக்குள் ஏறியது. அந்தத் தெரு வள்ளித்தாயின் புருஷன் பக்கவாதத்தில் தரைப்பாயில் கிடந்தவர். அவள் ஆள் கூப்பிட ஓடித் திரும்புவதற்குள் முழங்கால் தண்ணீரில் செத்துப்போனார். முழங்கால் தண்ணீர். நடக்க முடிந்தவனுக்கு அது சேறு.

துக்கம் கேட்கப் போன பிரம்மநாயகியிடம் வள்ளித்தாய் உதவித்தொகை எதுவும் கேட்கவில்லை.

"ஓடைய மட்டும் விட்டுராதிய," என்றாள்.

"விடமாட்டேன்," என்றாள் பிரம்மநாயகி. சாவு வீட்டில் சொன்ன சொல்.

6

மன்றத்தின் பழக்கம் இப்படி.* செயல் அலுவலர் பொருளின் எண்ணை மட்டும் வாசிப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் "ஆல் பாஸ்" என்று யாராவது மேஜையைத் தட்டுவார்கள். டீ வந்துவிடும். ஒரே ஒருவர் எழுந்து மறுத்தாலும் தலைவர் அந்தப் பொருளைத் தள்ளிவைத்துவிடுவார். எல்லாம் ஒருமனதாக நடக்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

(* எல்லா மன்றங்களும் இப்படியா என்று கேட்டால், நான் கட்டியது இப்படி.)

முதல் முடிவு: எழுந்து மறுக்கிறாள். பொருள் தள்ளிப்போகிறது, இன்னும் எத்தனை வருஷமோ. மறுநாள் மதினி வந்து, அந்த வெண்கல விளக்கைத் துலக்கித் துடைத்து இவள் வீட்டு நடையில் வைத்துவிட்டுப் போகிறாள். பிரம்மநாயகிக்குப் பிறந்த வீடு அன்றோடு சரி.

இரண்டாம் முடிவு: பேசாமல் இருக்கிறாள். சங்கரசுப்பு சுவர் எழுப்புகிறான், பால் காய்ச்சுகிறான். ஐப்பசி வருகிறது. இதற்கு மேல் எழுத, கீழத்தெருவில் நான் ஒரு வீட்டைப் பொறுக்க வேண்டும். வள்ளித்தாய் வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு ஆகிவிட்டது. அடுத்த வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அதற்கடுத்த வீட்டில் —

பேனாவை வைத்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து யார் வீட்டுக்குள் தண்ணீரை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

7

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான்.

"பொருள் எண் பதினேழு. ஆவுடை நகர்," என்கிறார் செயல் அலுவலர்.

"ஆட்சேபம் உண்டுமா?" என்கிறார் தலைவர்.

பிரம்மநாயகியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. எழுந்திருக்கப் போகிறாளா, முந்தானையைச் சரிசெய்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் மேஜையைத் தட்டக் கையை ஓங்கிவிட்டார். தலைவர் அவளைத் தாண்டி உங்கள் பக்கம் பார்க்கிறார்.

இதுவரை வாசித்தவர் நீங்கள். அண்ணனையும் தெரியும், வள்ளித்தாயையும் தெரியும். ஏதாவது சொல்லுங்கள். சொல்லாமல் பக்கத்தை மூடினாலும் இந்த மன்றத்தில் அதைச் சம்மதம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.