சீராக வந்த டீசல் டாங்கு

தங்கச்சி வீட்டுக்குச் சீர் செய்தவன் எவனும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு திரும்பியதாக ஆண்டிபட்டிப் பக்கம் சரித்திரமே கிடையாது. தட்டை எண்ணுவார்கள். பட்டுப் பாவாடையின் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். வாழைப்பழம் ஏன் இத்தனை சிறுத்துப்போயிருக்கிறது என்று பழத்தையே விசாரிப்பார்கள். ஆனந்தகுமாருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. ஆனால் அங்கிருந்து பிழைக்க வந்து கொச்சி மட்டாஞ்சேரியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், இரும்பில் சீர் செய்தால் அதை யாராலும் சுரண்ட முடியாது என்று நம்பினான்.

கேட்டதென்னவோ மாப்பிள்ளைதான். தங்கச்சி மகாவின் புருஷன் அழகர், பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற வருகிறவர்களை மலையேற்றிப் பிழைக்கிறவன். மகள் மாளவிகாவுக்குக் காது குத்த நாள் பார்த்ததும் நேரே பட்டறைக்கு வந்தான்.

"மச்சான், தாய்மாமன் சீருன்னு பவுனுல எதும் செய்ய வேணாம். நம்ம ஜீப்புக்குப் பெரிய டாங்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க. எர்ணாகுளத்துல வெங்கிடேஷ் சார் லடாக்குக்கு ஆள் கூட்டிட்டுப் போறாரு. கூட வர்றதுக்கு வண்டி வேணுமாம். அங்க நாள் பூரா ஓட்டுனாலும் ஒரு பெட்ரோல் பம்பு கெடையாதாம். டாங்கு பெருசா இருந்தா சீசன் மொத்தமும் நமக்குத்தான்."

"சீர்த்தட்டுல டாங்கா மாப்ளே? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சோறு போடப்போறது அதுதானே?"

ஆனந்தகுமாருக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். தேவராவில் படகுப் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே டாங்கு அடிப்பதென்றால் அவனுக்கு அல்வா தின்கிற மாதிரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் மகாவை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தது அவன்தான். அதிலேயே வயதும் கழிந்து, தன் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசுவதும் நின்றுபோயிற்று. சுள்ளிக்கல்லில் தங்கச்சி வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒன்றுதான் அவனுக்குக் குடும்பம் என்று இருந்தது. அந்த வீட்டுக்குத் தன் கையால் ஒன்று செய்வது என்றால் சும்மாவா?

நல்ல தகடாக வாங்கினான். எண்ணெய் உள்ளே அலம்பி வண்டியை ஆட்டக் கூடாது என்று நடுவில் தடுப்புகள் வைத்தான். டாங்கு மூச்சுவிட ஒரு குழாயை மேலே ஏற்றி, தண்ணீரில் இறங்கினாலும் நனையாத உயரத்தில் முடித்தான். காற்றடைத்து, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு பற்றவைப்பாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். உள்ளே கழுவிக் காயவைத்து, எண்ணெய் ஊற்றும் வாயை மஞ்சள் துணியால் கட்டினான். பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் யூசுப், கம்பத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கொச்சியில், வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எடா, இதுல கப்பலே ஓடுமல்லோ!"

காதுகுத்துக்கு முதல் நாள் அந்த டாங்கு தள்ளுவண்டியில் ஏறி, மாலை போட்டுக்கொண்டு, மேளம் முன்னே போக, இஞ்சியும் மிளகும் மணக்கிற கிடங்குத் தெரு வழியாகச் சீராகப் போயிற்று. சாயாக்கடைச் சேட்டன்மார் கிளாஸைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒரு ராத்திரி அழகர் வீட்டுக் கூடத்தில் பழத்தட்டுகளுக்கு நடுவே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மறுநாள் மாளவிகா மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதாள். அதற்கடுத்த நாள் யூசுப் டாங்கை ஜீப்பின் அடியில் மாட்டினான். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

பத்து நாள் கழித்து நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஜீப் நின்றது. இழுத்துக்கொண்டு போனது திடீரென்று விக்கி, இருமி, அணைந்துவிட்டது. அழகர் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு பீடி குடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த வாரம் வால்பாறை ஏற்றத்திலும் இதே கூத்து. சமதரையில் குதிரை, ஏற்றத்தில் கழுதை. ஃபில்டரை மாற்றினார்கள், டீசல் பம்பை மாற்றினார்கள். யூசுப் தன் கொட்டகையில் வைத்து முறுக்கிப் பார்த்தால் கேவலம் ஒரு தும்மல்கூட இல்லை. நோயாளி டாக்டரைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறானே, அந்தக் கதை.

"டாங்குலதான் கோளாறு," என்றான் அழகர். "மூச்சுக்குழா சரியில்ல."

"குழா சரியாத்தான் மாப்ளே இருக்கு. எறக்குங்க, தெறந்து பாத்துருவோம்."

"பாத்துப் பாத்து அடிச்ச லட்சணந்தான் தெரியுதே! போகட்டும், சீராக் குடுத்தது, வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருக்கேன்."

வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்தவன் பட்டறை, சாயாக்கடை, டாக்ஸி ஸ்டாண்டு என்று போன இடமெல்லாம் திறந்தான். சீரில் குறை சொல்லலாகாது என்ற மரியாதைக்கு, டாங்கைக் கழற்ற மட்டும் விடவில்லை. இப்படியொரு மரியாதையை எந்தத் தாய்மாமனுக்கும் கடவுள் காட்டாதிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆனந்தகுமார் போய் உட்கார்ந்தால் அழகர் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். மகா குனிந்த தலை நிமிராமல் பரிமாறுவாள்.

லடாக் புறப்படுமுன் வெங்கிடேஷ் எல்லா வண்டிகளையும் ஒரு நாள் மூணாறு மலைக்கு ஏற்றிப் பார்த்தார். எட்டு வண்டிகள் வரிசையாகப் போயின. நடுவில் போன அழகரின் ஜீப் ஒரு கொண்டையூசி வளைவில் நின்றுபோய்ப் பின்னோக்கி நழுவி, பின்னால் வந்த வண்டியின் மூக்கை நசுக்கியது. உள்ளே இருந்தவர்களுக்குக் கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வெங்கிடேஷ் அங்கேயே, மற்ற ஓட்டுநர்கள் காது கேட்க, "அழகர், நீங்க இந்த வருஷம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என்று அவர் சொல்லவே இல்லை.

மறுநாள் காலையில் அந்த டாங்கு ஆனந்தகுமாரின் பட்டறை வாசலில் குப்புறக் கிடந்தது. அழகர் அதை உருட்டிவிட்டுப் போனதை எதிர்க்கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். "உங்க சீரு உங்களுக்கே" என்று கத்தினானாம்.

ஆனந்தகுமாருக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யூசுப்பைக் கூப்பிட்டான். இருவருமாக மீதி டீசலை வடித்து, மேல் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

உள்ளே அரிசி கிடந்தது. மஞ்சள் தடவிய பச்சரிசி, இரண்டு கை இருக்கும். ஒரு விரலி மஞ்சளும் ஒற்றை ரூபாய்க் காசும் மூலையில் கிடந்தன. டீசலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் சல்லடை இருக்கிறதே, அதன் கண்களில் அரிசி வரிசையாகச் சொருகி நின்றது.

"படச்சோனே!" என்று படைத்தவனையே கூப்பிட்டான் யூசுப். "ஏத்தத்துல எஞ்சின் டீசல இழுக்கும்போ அரி எல்லாம் வந்து வாயை அடைக்கும். எஞ்சின் நின்னா தன்னால கீழ விழும். பின்ன ஸ்டார்ட் ஆகும். ஆனந்தா, உன் வேலையில ஒரு குற்றமும் இல்ல கேட்டியா. யாரு இதப் போட்டது?"

ஆனந்தகுமாருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சீர்ப் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள். குடமோ அண்டாவோ, உள்ளே ஒரு பிடி மங்கல அரிசியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். டாங்கும் பாத்திரந்தானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அண்ணன் மறந்ததை நினைத்துப் பார்த்துச் செய்கிற ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான் உண்டு.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வாரத்துப் பாரம்! அடி பைத்தியக்காரக் கழுதை என்று தலையில் ஒரு குட்டு வைத்தால் தீர்ந்துபோகும் என்று அந்த மடையன் நினைத்தான். அரிசியையும் மஞ்சளையும் ஒரு காகிதத்தில் மடித்தான்.

"நானும் வரட்டா? சாட்சி சொல்லலாமல்லோ," என்றான் யூசுப்.

"தங்கச்சி வீட்டுக்குப் போக சாட்சி எதுக்கு?"

சுள்ளிக்கல் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அழகர் நாற்காலியில். அவன் அம்மா பேச்சியம்மாள் கீழே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். மகா மாளவிகாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஆனந்தகுமார் காகிதத்தைப் பிரித்து நடுக்கூடத்தில் வைத்தான். டீசல் நாற்றம் குப்பென்று வீசியது.

"மாப்ளே, இதுதான் உங்க ஜீப்ப நிறுத்துனது. டாங்குக்குள்ள கெடந்துச்சு. யாரு போட்டான்னு கேளுங்க!" என்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அழகர் அரிசியைப் பார்த்தான். அவன் முகம் மாறியது. சீசன் போய், ஊர் சிரிக்க நின்றவன் அவன். "யாரு?" என்று கேட்டபோது அவன் குரல் தணிந்திருந்தது. அந்த வீட்டில் அந்தக் குரல் வந்தால் அடுத்து என்ன வரும் என்று மகாவுக்குத் தெரியும். ஆனந்தகுமாருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீ போட்டியாடி?"

மகா மாமியாரைப் பார்த்தாள். பேச்சியம்மாள் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

"நான் எதுக்குங்க டாங்குல அரிசி போடப்போறேன்?" என்றாள் மகா. பின்னல் கையிலேயே நின்றது. "டாங்கு அண்ணன்கிட்டத்தான் கெடந்துச்சு. தெறந்ததும் அவருதான். பேரு கெட்டுப்போச்சேன்னு அவரே போட்டாரோ என்னமோ, எனக்கென்ன தெரியும்?"

அழகர் அரிசியையும் ஆனந்தகுமாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அட, என் மச்சானே! நானும் ஒரு நிமிசம் நம்பிட்டேன்."

ஆனந்தகுமார் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் பயத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. உண்மையை அங்கே உடைத்திருக்கலாம். யூசுப்பைக் கூட்டிவந்து சத்தியம் பண்ண வைத்திருக்கலாம். அண்ணன் கெட்டிக்காரன் என்ற பேரோடு தெருவுக்குப் போயிருப்பான், அவள் அதே கூடத்தில் அழகரோடு இருந்திருப்பாள்.

"ஆமா மாப்ளே," என்றான். "நாந்தான் போட்டேன். வெல்டிங் சரியில்லன்னு ஊரே பேசுது. வேற வழி தெரியல."

"பாத்தியாம்மா?" என்றான் அழகர். "டாங்கு அடிக்கத்தான் தெரியலன்னா, பொய் சொல்லவும் தெரியல."

பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "பெத்தவுக இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தா இப்படித்தான்," என்றாள்.

ஆனந்தகுமார் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினான். மாளவிகா "மாமா" என்று கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவான், நாற்பது கடந்த ஆம்பளை.

சந்து முனையை எட்டும்போது பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. மகாதான். மூச்சு வாங்கியது. அவனுக்கு அத்தனை நேரம் இருந்த கோபம் அவளைக் கண்டதும் பாதி இறங்கிவிட்டது. 'தப்புப் பண்ணிட்டேண்ணே' என்ற ஒரு வார்த்தைக்காக நின்றான். அது வந்தால் மீதியும் போய்விடும்.

"ஏண்ணே, எல்லார் முன்னாலயுமா கேப்பீங்க?" என்றாள். "என்கிட்டத் தனியா வந்து கேக்கக் கூடாதா? வெறும் பாத்திரத்தக் கொண்டாந்து எறக்கிட்டான் உங்கண்ணன்னு அன்னைக்கு ராத்திரி அத்த கரிச்சுக் கொட்டுனாங்க. உங்களுக்குச் சொல்லு வரக் கூடாதுன்னுதான் வாயில கட்டுன துணிய அவுத்து அரிசியப் போட்டேன்."

"தெரியும் தாயி."

"நான் போட்டது அவுங்களுக்கும் தெரியும். இப்பப் பாருங்க, ஊமையா உக்காந்திருக்காங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் அவள் தலையில் கை வைக்கப் போனான். அதற்குள் அவள் சொன்னாள்:

"கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கெழம இங்க வராதீங்கண்ணே. உங்களப் பாக்குறப்பெல்லாம் அவருக்கு அது ஞாபகம் வரும். நாந்தான் படணும்."

"சரி," என்றான்.

அவள் வந்த வேகத்திலேயே திரும்பி நடந்தாள். வாசலை எட்டியதும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மாடி ஜன்னலில் மாமியார் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.