முன்னறை ஃப்ரீசர்

"தள்ளாதீங்க, தூக்குங்க! கார்பெட் சுருளுது!" என்று டெர்வ்லா கத்தினாள்.

மறுமுனையில் பக்கத்து வீட்டு மலாக்கி முக்கிக்கொண்டிருந்தார். ஃப்ரீசரின் நான்கு கால்களும் கார்பெட்டுக்குள் புதைந்து கிடந்தன.

அப்பா டோனலின் உடலை ஏற்றிய வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டதாம். இன்று இரவு அவர் தன் வீட்டு முன்னறையில்தான் இருக்க வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். ஆனால் சவப்பெட்டிக்கான இடத்தில் ஆள் நீளத்துக்கு இந்த ஃப்ரீசர்.

"அடியில ஒரு பலகை போடுங்கன்னு அப்பவே தலைதலையா அடிச்சிக்கிட்டேன்," என்றாள் அம்மா. நேற்றிலிருந்து அவள் அழவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்காகப் பன்றித்தொடையைச் சீவிச் சீவி ரொட்டிக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்குப் போடறேன்னாரு. எந்த நாளைக்கோ!"

"பேசாம இதுக்குள்ளயே அண்ணனைப் படுக்க வச்சிடலாமா அண்ணி?" என்றார் மலாக்கி.

"உள்ள இடமேது? அரை மாட்டுக் கறி கிடக்கு."

டெர்வ்லாவுக்கு ஒரு யோசனை உதித்தது. ஐஸ்கிரீம் டப்பா மூடிகள்! முனையை நெம்பி, ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு மூடியைச் சொருகினாள். மூவரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, அத்தனை கனமும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"போகுது! போகுது!" அம்மா கைகொட்டினாள்.

வாசல் நிலையில் போய் 'ணங்'கென்று இடித்து நின்றது. வாசலைவிட நான்கு விரல் அகலம் கூடுதல்.

மலாக்கி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அடடா... கதவையும் நிலையையும் பேத்துட்டுல்ல அன்னைக்கு உள்ள கொண்டாந்தோம். நானும் அண்ணனும்."

"இப்பத்தான் ஞாபகம் வருதா மாமா?"

"முக்கற முக்கல்ல மூளை எங்க வேலை செய்யுது பொண்ணே?"

அம்மா திடீரென்று சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். "பார்த்தியாடி உங்கப்பனை! செத்தும் நகர விடமாட்டேங்கிறாரு!"

வெளியே வண்டியின் சத்தம் கேட்டது.

"சோபாவைத் தூக்கு!" என்றாள் அம்மா. அதற்குப் போட்டுப் பதினைந்து நாள்கூட ஆகாத புது உறை. டெர்வ்லா தயங்கினாள். "பார்த்துக்கிட்டு நிக்காத. மழையில போடு!"

சோபா முற்றத்துக்குப் போனது. ஃப்ரீசரை ஜன்னலோரம் இழுத்துவிட்டு, மேலே வெள்ளை விரிப்பைப் போட்டார்கள். சோபா இருந்த இடத்தில் அப்பா வந்து படுத்தார்.

இருட்டுவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. தேநீர், ரொட்டி, தாழ்ந்த குரலில் வேடிக்கைக் கதைகள். பிறகு எல்லோரும் மண்டியிட, அம்மா ஜெபமாலையைத் தொடங்கினாள். பாதி ஜெபத்தில் ஃப்ரீசரின் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மலாக்கி பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினார்.

அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணைத் திறக்காமலேயே, அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, அப்பாவின் பக்கமாகத் திரும்பி, குரலைச் சற்று உயர்த்திக்கொண்டாள்.