உச்சியில் எடுத்த படம்

1

நூற்றுப் பதினேழு மணி நேரமாக யுவராணி கட்டிலை விட்டு இறங்கவில்லை.

[கழிப்பறைக்கு இறங்கினாள். அதை எழுதினால் வாக்கியத்தின் வீறாப்பு போய்விடுகிறது.]

எழுதுகிறவளுக்கு இந்தக் கதை ஒரு கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீடு. கட்டிலுக்கு அடியில் ஒரு முதுகுப்பை. அதற்குள் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்கள். மலைக்குப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்த ஊர்த் தண்ணீர். யார் வீடு என்று கேட்காதீர்கள். எழுதுகிறவள் கூச்சக்காரி. ‘நான்’ என்று எழுதவே அவளுக்குக் கை வராது.

2

யுவராணி இயற்பியல் பட்டதாரி. இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை மேற்கு மலைக்கு மூன்று நாள் நடை கூட்டிப் போனாள். வழியெல்லாம் ஓடை, ஆளுக்கு ஒரு பாட்டில் போதும் என்று சொல்லியிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கு நான்கு கொண்டுவந்தார்கள். முதல் ஓடையைப் பார்த்ததும், “கொட்டிருங்கலே” என்றாள்.

யாரும் கொட்டவில்லை. நல்ல தண்ணீரைத் தரையில் கவிழ்க்க அவளுக்கே மனம் வரவில்லை. சோர்ந்தவர்களின் பாட்டில்களை வாங்கித் தன் பையில் அடைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் காலை ஈரப்பாறையில் வழுக்கி, வலது கணுக்கால் பிசகியது.*

* உராய்வு பற்றி அவள் டியூஷன் எடுக்கிறாள்.

ஜீப்பில் ஏற்றும்போது, துணைக்கு வந்திருந்த முருகலட்சுமியின் கழுத்தில் தன் விசிலை மாட்டிவிட்டு, “உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிரு” என்றாள். அப்போது அவள் மனதுக்குள்... வேண்டாம். உங்களுக்கே தெரியும்.

3

மறுநாள் உச்சியில் எடுத்த படம் வந்தது. பாறை மேல் பிள்ளைகள், பின்னால் வெறும் பனி, நடுவில் முருகலட்சுமி. மன்றத்தின் வாட்ஸப் குழுவில் இதயங்கள் கொட்டின. யுவராணி படத்தைப் பெரிதாக்கி விசிலைப் பார்ப்பாள். பிறகு அந்தச் சிரிப்பை. மறுபடியும் விசிலை.

அம்மா ரத்தினம் கணுக்காலில் புளிப்பத்துப் போட்டாள்.

“கூட்டிட்டுப் போனவ ஜீப்புல வந்துட்டா, கூடப் போனவ உச்சியில நிக்கா. நல்லாருக்குடி ஒங்க மலை.”

“யம்மா, வலிக்குது. மெதுவா.”

“ஒனக்குக் காலுல வலிக்கலடி.”

டிசம்பரில் அடுத்த நடை. யார் கூட்டிப் போவது என்று மன்றச் செயலாளர் ஜெகதீஸ்வரன் சார் இந்த வாரம் சொல்லிவிடுவார். வருடத்தில் யுவராணி சத்தமாகப் பேசுவது அந்த மூன்று நாட்கள்தான். மலையில் விசில் ஊதினால் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அம்மா கூடத் திரும்புவதில்லை.

4

இப்போது முருகலட்சுமி வர வேண்டும்.

(அ) அலட்டலாகச் சிரித்தபடி முருகலட்சுமி உள்ளே— [அடித்தாயிற்று. அவள் அப்படிச் சிரிப்பவள் இல்லை.]

(ஆ) வரும் வழியில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அவள் காலும்— [சீ. இது யுவராணியின் ஆசை. எழுதுகிறவளுக்கும் கொஞ்சம் இருந்தது.]

(இ) திருச்சுழியிலிருந்து ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தாள். அவ்வளவுதான்.

“என்னக்கா, அஞ்சு நாளா மகாராணி கணக்கா படுத்திருக்கீக?”

“ஒனக்கென்ன, உச்சியப் பாத்தவ.”

முருகலட்சுமி கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

“ஏக்கா, இந்தத் தண்ணிய இன்னுமா கொட்டல?”

“நீ கொட்டிட்டியாக்கும்?”

“எங்க வீட்டுல அதுலதான் சோறு பொங்குனாக.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததற்காக யுவராணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

“மேல எப்படி இருந்துச்சு?”

“பனிக்கா. ஒண்ணுந் தெரியல.”

விசிலைக் கழற்றி மெத்தை மேல் வைத்தாள். எழுதுகிறவள் இதை எழுத நினைத்திருக்கவில்லை. கெட்டவளாக்கப் பார்த்த பெண் கைக்கு அடங்காமல் போகிறாள்.

5

போன் அடித்தது. ஜெகதீஸ்வரன் சார். யுவராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

“காலு எப்படிம்மா இருக்கு? டிசம்பருக்கு முருகலட்சுமியே கூட்டிட்டுப் போகட்டும்னு பேசியிருக்கோம். உச்சி வரைக்கும் போனவள்ல. சரிதானம்மா?”

யுவராணி மெத்தை மேல் இருந்த விசிலைப் பார்த்தாள். ‘சரி சார்’ என்பது இரண்டே சொல். சொல்வதற்குப் பதில் விசிலின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள்.

முருகலட்சுமி போனை எடுத்துக்கொண்டாள்.

சார் அதற்குப் பிறகு என்ன சொன்னார், டிசம்பர் யாருக்கு, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுகிறவளிடம் இருப்பது இவ்வளவுதான்:

“சார், முருகலட்சுமி பேசுறேன். அந்தப் படம் ஜீப்பு நின்ன எடத்துக்குப் பின்னால உள்ள பாறை சார். அக்கா எறங்குன பெறகு பிள்ளைக ஒரு அடி மேல ஏற மாட்டேன்னுட்டாக. உச்சிக்கு நாங்க யாருமே போகல.”