இல்லாத விமானத்தின் பயண நேரம்

1

இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்தில் கிடைத்தது. பக்கத்து நாட்டு நகரம் ஒன்றுக்குப் பறந்து போக எவ்வளவு நேரமாகும் என்று சும்மா தேடினேன். ஒரு மணி பத்து நிமிடம் என்றது. சரி, விமானம் எத்தனை மணிக்கு என்று பார்த்தால், அந்த வழியில் விமானமே கிடையாது. அப்படியானால் அந்த ஒரு மணி பத்து நிமிடம் யாருக்கு?

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் இரண்டு நாடுகளுக்கும் பொது, ஆனாலும்..."

[அடித்துவிட்டேன். வானத்தில் ஆரம்பிக்கிற கதை தரையிறங்க வெகுநேரம் பிடிக்கும்.]

2

ஆகவே ஒரு தங்கை. இப்படிப்பட்ட பக்கங்களைத் தயாரிப்பதுதான் அவள் வேலை. வேலை நடக்கும் விதம் அழகானது, கேளுங்கள். இரு நகரங்களுக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரம் ஐந்நூறு கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு எழுநூற்றைம்பது என்று வைத்துக்கொண்டால் நாற்பது நிமிடம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரைமணி சேர்த்தால் விடை வந்துவிடும். விமானம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று இந்தக் கணக்கு எங்குமே கேட்பதில்லை.

3

அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், அந்த இன்னொரு நகரத்தில் இருப்பவள். அவளுக்குத் திடீரென்று இதயத்தில் அறுவைச் சிகிச்சை, மறுநாள் மதியம் என்று நாள் குறித்தார்கள்.

"நீ வந்து கையைப் புடிச்சாத்தான் உள்ளே போவேன். இல்லேன்னா டாக்டர் தனியாவே ஆபரேஷன் பண்ணிக்கட்டும்."

"நேரா ஃப்ளைட் கிடையாதுக்கா."

"யாருகிட்ட கதை விடுறே? ஒரு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கு. நீ எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான், ஆனா..."

"அப்புறம் என்ன? கிளம்புடி."

(இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வெகுளியா? பிறகு தோன்றியது: பயந்துபோனவளுக்கு ஒரு சின்ன எண் வேண்டியிருக்கிறது. அதுவும் தங்கை கொடுத்த எண்.)

4

விடியலில் கிளம்பியவள் இப்போது மூன்றாவது நாடு ஒன்றின் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கிருந்து அடுத்த விமானம் மாலையில்தான். கை பழக்கதோஷத்தில் கைப்பேசியில் தூரத்தைக் கணக்குப் போடுகிறது: அக்காவுக்கு எண்ணூறு கிலோமீட்டர். காலையில் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இதைவிடப் பக்கத்தில் இருந்திருக்கிறாள்.

[மருத்துவர் மாலைவரை காத்திருப்பதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.]

5

தொலைபேசி அடிக்கிறது. அத்தான்.

"இந்தாம்மா, ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு. ஏற மாட்டேங்கிறா. நீயே பேசு."

பிறகு அக்காவின் குரல். "எங்கடி இருக்கே? கீழேயா? லிஃப்ட்ல வர்றியா?"

தலைக்கு மேல் ஒலிபெருக்கி வேறேதோ ஊருக்கு ஆள் கூப்பிடுகிறது. தங்கை கைப்பேசியைக் கையால் பொத்திக்கொள்கிறாள். எதைச் சொன்னால் அக்கா ஏறுவாள் என்று அவளுக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம். இரண்டு வாக்கியங்களைத் தொடங்கிப் பாதியில் விட்டிருக்கிறேன்.

"அக்கா, வந்துட்..."

"அக்கா, நான் இன்னும்..."

ஏதாவது ஒன்றை நீங்கள் முடித்துக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அக்கா இன்னும் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.