சூடேறாத கூலர்

குரலக்காவுக்குச் சட்டென்று கோபம் வராது. வந்துவிட்டால் சட்டென்று போகவும் போகாது.

பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. அவளை நேரில் சந்திக்காமல், குரலை மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளைகள் வைத்த பெயர் அது. பெயர் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் கேலி செய்ய வேண்டுமென்றால் அவள் கணவர்கூட, "குரலக்கா, காபி கிடைக்குமா?" என்பார்.

வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைத்தான் அவள் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தாள். சுவரெல்லாம் பழைய போர்வைகள். கதவிடுக்கில் சுருட்டி வைத்த துணி. மேஜைமேல் ஒரு மைக், அதன் பக்கத்தில் செங்கல் உயரத்துக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அறைக்குள் அவள் குரலைத் தவிர வேறு சத்தமே கூடாது. ஆனால் அந்தப் பெட்டியின் ஃபேன் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. பாடம் முழுக்க அந்தக் கொசுவும் கூடவே வாசித்தது.

வாங்கிய கடைக்கே எடுத்துப் போனாள். கடை முதலாளி சிரித்த முகத்துக்காரர். "சத்தமே போடாத கூலர் ஒண்ணு வந்திருக்கு மேடம். போட்டுட்டா பெட்டி இருக்கிற இடமே தெரியாது" என்றார். கூலர் என்பது ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ளும் உலோகக் கட்டியும் ஃபேனும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக் கொடுத்தார்கள்.

சத்தம் போனது உண்மைதான். கூடவே இன்னொன்றும் போனது. மண்ணில் உள்ள சத்துகளைப் பற்றிய பாடத்தைப் பாதி முடித்து, சத்தம் நீக்கும் வேலையை ஓடவிட்டபோது திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும், திரும்பவும் படுத்துவிடும். சேமிக்காத பாடமெல்லாம் போனது போனதுதான்.

கம்ப்யூட்டரின் உள்சூட்டைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். வேலை தொடங்கியதும் ப்ராசஸரின் சூடு விறுவிறுவென்று ஏறித் தண்ணீர் கொதிக்கும் அளவை எட்டியது. எட்டியதும் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அதைப் படம் பிடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

முதலாளி படத்தைப் பார்க்கவே இல்லை. "வீட்ல தூசி அதிகமா மேடம்?" என்றார்.

"போர்வை போட்டு மூடின ரூம். தினம் துடைக்கிறேன்."

"அப்ப சமையல் புகையா இருக்கும். லேடீஸ் யூஸ் பண்ற பெட்டிங்க நிறைய அப்படித்தான் வருது."

அவளுக்குக் காது மடல் சூடானது. "கூலர் மாத்தின அன்னைக்கு சாயங்காலம்தான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடியும் நான் இதே வீட்லதான் சமைச்சேன்."

முதலாளி சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஆள். அவர் மூடியைத் திறந்து, காற்றடித்து, மூடிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டதும் பெட்டி அணைந்தது.

அடுத்த தடவை போனபோது, "ரொம்ப நேரம் ஓட்டுறீங்க மேடம், அதுக்கும் ஓய்வு வேணும்ல?" என்றார் முதலாளி. "வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க. டெக்னிக்கலா இருக்கு, அவர்கிட்ட விளக்கமா சொல்லிடுறேன்."

"சார் மருந்துக் கடையில மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரு. கம்ப்யூட்டர்ல அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் சீட்டாட்டம். எனக்கே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. மூன்றாம் தடவைதான் சிகரம். அவர் கண்முன்னாலேயே பெட்டியை ஓடவிட்டு, திரையில் எண் ஏறுவதைக் காட்டினாள். முதலாளி பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். பின்பக்கத் துளையில் விரல் நீட்டினார். பிறகு அவள் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"சில்லுன்னு இருக்கா இல்லையா? வெளியே வர்ற காத்துகூட குளிர்ச்சியா இருக்கு. அந்த மென்பொருள் தப்பா காட்டுது. சூடெல்லாம் உங்க மனசுல மேடம்."

கடையில் நின்றிருந்த இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்தில் உட்கார்ந்து மடியில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு, சொல்லாமல் விட்ட பதில்கள் ஒவ்வொன்றாக நாக்கில் வந்து நின்றன.

கணவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். "அவங்க அதே தொழில்ல இருக்கிறவங்கம்மா. தெரியாமலா சொல்லுவாங்க?"

"நான் மட்டும் என்ன, பொழுது போகாமயா வாசிச்சுக்கிட்டு இருக்கேன்?"

"அப்படிச் சொல்லல..."

"என்னங்க, உங்க கடைக்கு ஒருத்தர் காய்ச்சல்னு வர்றாரு. தெர்மாமீட்டர் கொதிக்குதுன்னு சொல்லுது. நீங்க அவர் சட்டையைத் தொட்டுப் பாத்துட்டு, சில்லுன்னு இருக்கு, காய்ச்சல் உங்க மனசுலன்னு அனுப்பிடுவீங்களா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் எப்போது பேச வேண்டும் என்பதைவிட எப்போது பேசக் கூடாது என்பதை நன்றாகத் தெரிந்தவர் அவர்.

அவள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பெட்டிக்குக் கீழே கட்டை கொடுத்துக் காற்றோட்டம் விட்டாள். வேண்டாத மென்பொருள்களை மூடினாள். மேஜை ஃபேனைப் பின்னால் வைத்து ஊதவிட்டாள். ஃபேன் போட்ட சத்தத்தில் கொசுவே தேவலாம்போல இருந்தது. சூடு மட்டும் இம்மியும் இறங்கவில்லை.

முடித்த பாடங்களைக் கொடுக்கப் பள்ளிக்குப் போன அன்று, கம்ப்யூட்டர் அறையில் ஆசிரியைக்காகக் காத்திருந்தாள். அங்கேயும் அதே ரகப் பெட்டிதான், பழைய கூலரோடு. ஏதோ வேலை ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நின்ற கை பெட்டியின் பின்பக்கம் போனது.

சூடான காற்று. சோற்றுப் பானை மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற மாதிரி.

கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒழுங்காக ஓடுகிற பெட்டி சூடான காற்றை விடுகிறது. உள்ளே கொதித்து அணைகிற பெட்டி குளிர்ந்த காற்றை விடுகிறது. அப்படியென்றால் அவள் பெட்டியில் சூடு வெளியே வரவே இல்லை. அடுப்பு எரிகிறது, மேலே வைத்த பாத்திரம் சூடாகவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. முதலாளி தொட்டுக் காட்டிச் சிரித்த அந்தச் 'சில்'லேதான் சாட்சி. அந்த ஆள் கையாலேயே நோயைத் தொட்டுவிட்டு, நோயே இல்லை என்று அனுப்பியிருக்கிறார்!

ஆசிரியை வந்தபோது அவள் பாடங்களைக் கொடுத்துவிட்டு, உட்காரக்கூட இல்லை.

கணவருக்கு அன்று விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, பெட்டியை வைத்து, ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். மூடியின் விளிம்பில் கடைக்காரர்களின் சீல் ஒட்டியிருந்தது.

"அதைப் பிரிச்சா கேரண்டி போயிடும்மா."

"இருந்து என்னத்தைக் கிழிச்சுது? டார்ச்சைப் பிடிங்க."

அவர் பிடித்தார். மூடி வந்தது. கூலரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மெல்ல முறுக்கித் தூக்கினாள். ப்ராசஸரின் தலையில் சாம்பல் நிறப் பேஸ்ட் அப்பியிருந்தது. சூடு சீராக மேலே போவதற்காக நடுவில் தடவுவது அது. கூலரின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் பேஸ்ட். அதை ஒரு துணியால் துடைத்தபோது அடிப்பக்கம் கண்ணாடிபோல மின்னியது. உலோகம் இப்படி மின்னாதே என்று தோன்றியது. ஓரத்தில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று நகத்தோடு எழுந்தது. புதுக் கைப்பேசித் திரைமேல் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி. பிடித்து இழுத்தாள். ஒரே தாளாக உரிந்து வந்தது.

"இதை உரிக்காமலேயா மாட்டியிருக்காங்க?" என்றார் கணவர்.

அவள் தாளையும் பெட்டியையும் பைக்குள் வைத்தாள். குற்றத்தைக் கண்டுபிடித்தால் கோபம் ஆறும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆறவில்லை, இப்போதுதான் கொழுந்துவிட்டது. தூசி, சமையல் புகை, ஓய்வு, சார், மனசு! இத்தனையும் சொன்ன வாய், ஒரே ஒரு தடவை கூலரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

"நானும் வரட்டுமா?" என்றார் கணவர்.

"வேண்டாம். நீங்க வந்தா உங்ககிட்டதான் பேசுவாரு."

கடையில் முதலாளியின் முன்னால் வேறொருவர் நின்றிருந்தார். கட்டட வரைபடம் போடுகிற பெரியவர். அவருக்கு முன்னாலும் அதே ரகச் சின்னப் பெட்டி. முதலாளி அதே சிரிப்போடு பேசிக்கொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய பிளானைத் திறந்தா சூடாகத்தான் சார் செய்யும். பெட்டியோட சக்தி அவ்வளவுதான்."

"முன்னாடியெல்லாம் இதே பிளானைத் திறந்துச்சேப்பா" என்றார் பெரியவர், தானே ஏதோ தப்புச் செய்துவிட்ட குரலில்.

குரலக்கா நடுவில் புகுந்தாள். "ஐயா, சத்தம் போடாத கூலர்னு புதுசா ஒண்ணு மாட்டினாங்களா?"

"ஆமாம்மா."

"அதுக்கப்புறம்தானே இந்தத் தொல்லை?"

பெரியவர் யோசித்தார். "ஆமா. அதுக்கப்புறம்தான்."

"மேடம், அவர் கேஸ் வேற, உங்க கேஸ் வேற" என்றார் முதலாளி.

அவள் பிளாஸ்டிக் தாளை மேஜைமேல் வைத்தாள். பேஸ்ட் பூசிய முகத்தோடு அது கிடந்தது. "இது என் கூலருக்கு அடியில இருந்துச்சு. உரிச்சிட்டு மாட்ட வேண்டியது."

முதலாளி தாளைப் பார்த்தார். பின்னால் நின்ற சர்வீஸ்காரரைப் பார்த்தார். சிரிப்பு ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பி வந்தது. "சீலைப் பிரிச்சிட்டீங்களா? அப்ப இனிமே அது எங்க பொறுப்பு இல்ல மேடம்."

"சரி. என் பெட்டி உங்க பொறுப்பு இல்ல. இவர் பெட்டியில சீல் அப்படியே இருக்கு. பிரிங்க."

"அதெல்லாம் நேரம் ஆகும்..."

"எனக்கு அவசரம் இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவரும் தலையை ஆட்டினார். "பிரிங்கப்பா. பாத்துடலாம்."

ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் பேசத் தெரிந்த குரல் அவளுடையது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். சர்வீஸ்காரர் முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்காமல் ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். கூலரைத் தூக்கினார், துடைத்தார், ஓரத்தில் நகத்தை வைத்தார். அவர் கை அப்படியே நின்றது. பிறகு உரித்தார்.

"அறிவிருக்காய்யா உனக்கு?" முதலாளி அவர்மேல் பாய்ந்தார். "எத்தனை தடவை சொல்றது, வேலையை ஒழுங்கா..."

"அவரைத் திட்டாதீங்க" என்றாள் குரலக்கா. "அவர் செஞ்சது தப்புதான். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் வந்து சொன்னது உங்ககிட்ட. கூலர் மாத்தினதுலருந்துதான்னு தமிழ்லதான் சொன்னேன். தூசின்னீங்க. சமையல்னீங்க. மனசுன்னீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே பாத்திருப்பாரு."

சர்வீஸ்காரர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "உரிக்கணும்னு எனக்குத் தெரியாது மேடம். பழைய கூலர்ல இது இருக்காது. இந்த ரகம் வந்ததுலருந்து எல்லாத்தையும் இப்படியேதான் மாட்டியிருக்கேன்."

பெரியவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். எல்லாத்தையும்.

"அப்ப போன் பண்ணுங்க" என்றாள் அவள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும். என்னை மாதிரி எத்தனை பேரு வீட்ல உக்காந்து தன்னையே நொந்துக்கிட்டு இருக்காங்களோ!"

முதலாளி வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். "வணக்கம் சார், ஒரு சின்ன டெக்னிக்கல் இஷ்யூ..." என்று இழுத்தார்.

"நாங்க மாட்டினதுல தப்புன்னு சொல்லுங்க" என்றாள் குரலக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவர் அவளை முறைத்தார். பிறகு போனுக்குள், "நாங்க மாட்டினதுல தப்பு சார்" என்றார். எதிர்முனையில் இருந்தவர் போட்ட சத்தம் கடை வாசல்வரை கேட்டது. பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவள் பெட்டிக்குப் புதுப் பேஸ்ட் தடவி, கூலரைச் சரியாக உட்கார வைத்துக் கொடுத்தார் சர்வீஸ்காரர். அங்கேயே ஓடவிட்டாள். எண் கொஞ்சம் ஏறி, பாதி வழியில் நின்றுவிட்டது. பின்பக்கம் கையை வைத்தாள். வெதுவெதுப்பான காற்று, சத்தமே இல்லாமல்.

"சாரி மேடம். எதையும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார் முதலாளி.

"வச்சுக்குவேன்" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "அப்பாடா, சரியாயிடுச்சுல்ல? இனிமே விட்டுடு."

"பெட்டிதான் சரியாச்சு" என்று சொல்லிவிட்டு, அவள் கதவை மூடிக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தாள். தொலைந்துபோன பாடங்களை ஒவ்வொன்றாக மறுபடி வாசித்து, ஆறாத மனசோடேயே பள்ளிக்கு அனுப்பினாள்.

சில நாள் கழித்து ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. "மண்சத்துப் பாடத்தை ஏன்மா யாரையோ திட்டுற மாதிரி வாசிச்சிருக்கீங்க?"

குரலக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. "ஐயையோ, அப்படியா இருக்கு? திரும்ப வாசிச்சு அனுப்பிடுறேன்."

"வேண்டவே வேண்டாம்" என்றார் ஆசிரியை. "முதல் தடவையா அந்தப் பாடத்துல ஒரு பிள்ளைகூட தூங்கல."